பழைய பிக்கப்புக்குப் புது லாக்கு



சம்பளம், வீடு, பிரசவ விடுப்பு, மருந்துச் சீட்டு என்று எழுதி வரும் இந்தப் பகுதியில் இந்த வாரம் ஒரு வண்டிக் கதவைப் பற்றி எழுதப் போகிறேன். "சங்கக்காரனுக்குக் கதவு லாக்கில் என்ன வேலை? அது போமன் பார்க்கிற வேலையாச்சே!" என்று யாராவது கேட்கலாம். போமன் பார்க்கிற வேலைதான். ஆனால் அந்தக் கதவின் ஓரத்தில் உட்கார்ந்து வருவது யார்? நம்முடைய ஆள்தானே? அதனால் எனக்கும் அதில் வேலை உண்டு.

தோட்டப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குத்தகைக்காரர்களின் பழைய பிக்கப்புகள் பலவற்றில் கதவு தானாக நிற்காது. ஒன்றில் நைலோன் கயிறு. இன்னொன்றில் சைக்கிள் டியூப். மூன்றாவதில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையே தாழ்ப்பாள். "அக்கா, கதவை இறுக்கிப் பிடிச்சுக்குங்க, வளைவு வருது!" என்று டிரைவர் கத்துவார். அக்காவும் மடியில் சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்வார். ரப்பர் விளைந்த மண்ணில் ரப்பர் டியூப்புக்குப் பஞ்சமில்லை என்பதால், இது ஒரு பழக்கமாகவே ஆகிப் போய்விட்டது.

2022ஆம் ஆண்டில் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் மூவர் டிரைவரோடு முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். செம்மண் ரோட்டில் வலது பக்கம் திரும்பும் ஒரு வளைவு. இடது கதவு திறந்துகொண்டது. ஓரத்தில் இருந்த அக்கா ரோட்டில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்சக்கரம் ஒரு முழம் தள்ளிப் போனதால் உயிர் தப்பியது. குத்தகைக்காரர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "அந்தம்மா கதவைச் சரியா சாத்தல. அவங்க கவனக்குறைவு. நான் என்ன செய்ய?"

இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு ஒரு துணை உண்டு. தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். வட்டாரத்தில் எல்லாரும் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வண்டியைப் பார்த்தேன். மாமா கதவைத் திறந்து, லாக்கின் நாக்கைக் கட்டை விரலால் ஒரு தரம் தடவினார். "தம்பி, இங்க பாருங்க. புளியங்கொட்டை மாதிரி மழுங்கிப் போயிருக்கு. இதை யார் எப்படிச் சாத்தினாலும் நிக்காது. ராஜா வந்து சாத்தினாலும் நிக்காது" என்றார். அதைப் படம் எடுத்தோம். தூணில் இருந்த ஸ்ட்ரைக்கரில் இரண்டு திருகில் ஒன்று இல்லை. அதையும் படம் எடுத்தோம்.

பெர்கேசோ விஷயம் முடிந்தது. அக்காவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. ஒன்றை இங்கே சொல்லி வைக்கிறேன். பெர்கேசோ, யார் தப்பு என்று பார்த்துக் காசு கொடுக்கிற இடம் அல்ல. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையில் ஏற்பட்ட விபத்தா, வீட்டுக்கும் வேலைக்கும் இடையே ஏற்பட்ட விபத்தா என்பதுதான் கேள்வி. முதலாளி 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலை விபத்துக் காப்பு உண்டு. ஆகவே "நீதான் கதவைச் சாத்தல" என்று யாராவது பயமுறுத்தினால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மாமாவிடம் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. 1948 முதல் 1952 வரை ஃபோர்டு கம்பெனி எஃப்-1 என்ற பெயரில் விற்ற அரை டன் பிக்கப். அவர் இருந்த தோட்டம் கைமாறியபோது பழைய இரும்பு விலைக்கு வாங்கி, வருஷக் கணக்காகத் தட்டிக் கொட்டி, ஓட வைத்திருக்கிறார். கோவில் திருவிழாவுக்கு வாழைமரம் ஏற்றி வர, பேரப்பிள்ளைகளைப் பட்டணத்துக்கு ஒரு சுற்றுக் கூட்டிப் போக, இதற்குத்தான் அந்த வண்டி. வீட்டுக்குப் போனதும் அதன் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். ராத்திரி எனக்குப் போன். "தம்பி, என் வண்டியும் அதே ஜாதிதான். நாக்கு லாக்கு. இத்தனை வருஷம் சின்னப் பிள்ளைகளை இதுல வச்சு ஓட்டியிருக்கேன்."

அந்த வண்டி எங்கே பூட்டியது என்பதில் மாமாவுக்குத் திடமான நம்பிக்கை ஒன்று உண்டு. சிங்கப்பூர் புக்கித் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில்தான் என்பார். 1941இல் திறந்த தொழிற்சாலை அது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷித்தாவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டது அதே கட்டடத்தில்தான். போர் முடிந்து 1947இல் மறுபடி வண்டி பூட்டத் தொடங்கி, 1980 வரை நடந்தது. இப்போது அது நினைவகம். மலாயா போன்ற பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளுக்கு வலது பக்க ஸ்டீரிங் வண்டிகளை அனுப்பியது கனடா ஃபோர்டு. மாமாவின் வண்டியில் தகடு துருப்பிடித்து எழுத்தெல்லாம் போய்விட்டது. அதனால் அவர் சொல்வதை மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த நாக்கு லாக்கில் என்னதான் கோளாறு?

நம் வீட்டு அறைக் கதவைப் பாருங்கள். குமிழைத் திருகினால் ஒரு நாக்கு உள்ளே போகும்; விட்டால் வெளியே வந்து நிலையில் இருக்கும் பள்ளத்தில் விழும். பழைய வண்டிக் கதவிலும் அதே சங்கதிதான். நாக்கு ஒரு பக்கம் சாய்வாக இருப்பதால் கதவை அடித்துச் சாத்தினால் தானே விழுந்துகொள்ளும். கதவு வெளிப்பக்கம் போகாமல் அது தடுக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாக்கு நீளும் திசையில், அதாவது வண்டியின் நீளவாக்கில், அதைப் பிடித்து வைக்க ஒன்றுமே கிடையாது. வண்டி எதிலாவது மோதினாலோ, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி கேபின் முறுக்கிக்கொண்டாலோ, கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி விரியும். நாக்கு பள்ளத்துக்குள் இருப்பதே விரற்கடை அளவு. இடைவெளி அந்த அளவு விரிந்தால் நாக்கு வெளியே வந்துவிடும். லாக்கு உடைய வேண்டிய அவசியமே இல்லை. உடையாமலே திறக்கும்.

இது புதிதாக இருக்கும்போதே உள்ள குறை. அதன்மேல் எழுபது வருஷத் தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீல் ஆணி தேய்ந்து கதவு தொங்கும். நாக்கு பள்ளத்தின் கீழ் உதட்டில் உரசி மழுங்கும். உள்ளே ஸ்பிரிங் சோர்ந்து போகும். கேபினுக்கு அடியில் உள்ள ரப்பர் மக்கி, மண் ரோட்டில் கேபின் தொட்டில் மாதிரி ஆடும். அப்புறம் மோதல் எதற்கு? ஒரு வளைவு போதும்.

இதை முதலில் கணக்கெடுத்துச் சொன்னவர்கள் அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள். அந்த முயற்சிக்கு மூலகாரணமானவர் ஹியூ டி ஹேவன் என்பவர். 1917இல் விமானப் பயிற்சியில் இருந்தபோது இரண்டு விமானங்கள் மோதி விழுந்தும் பிழைத்தவர். தான் ஏன் பிழைத்தோம், மற்றவர்கள் ஏன் செத்தார்கள் என்ற கேள்வியையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1950களில் அவர்கள் கார் விபத்துகளை வரிசையாக ஆராய்ந்தபோது, கதவு திறந்து வெளியே தூக்கி எறியப்பட்டவர்கள், வண்டிக்குள்ளேயே இருந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தது தெரிய வந்தது. "வெளியே விழுந்தாத்தான் பிழைக்கலாம், உள்ளே இருந்தா நசுங்கிடுவோம்" என்று நம்மில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்களே, அது சுத்தத் தப்பு என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அதன் பிறகுதான் கம்பெனிகள் அசைந்தன. ஃபோர்டு 1956ஆம் ஆண்டு மாடல் கார்களில், மோதலில் விட்டுக் கொடுக்காத கதவு லாக்கை எல்லா வண்டிக்கும் போட்டது. 1968இல் அமெரிக்க அரசாங்கம் கார்களுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கியது. லாக்கு முழுதாகப் பூட்டியிருக்கும்போது நீளவாக்கில் 2,500 பவுண்டு இழுவையையும், வெளிப்பக்கமாக 2,000 பவுண்டு இழுவையையும் தாங்க வேண்டும். 2,500 பவுண்டு என்றால் ஒரு டன்னுக்கும் மேல். பாதிப் பூட்டில், அதாவது முதல் 'கிளிக்'கில் மட்டும் நிற்கும்போது, 1,000 பவுண்டு தாங்கினால் போதும். இந்த 1,000 பவுண்டு கணக்கை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இப்போதைய லாக்கில் நாக்கு கிடையாது. கதவின் ஓரத்தில் ஒரு வாய் திறந்திருக்கும். அதற்குள் நண்டின் கொடுக்கு மாதிரி ஒரு இரும்புக் கவை சுழலும். தூணில் ஒரு கெட்டியான ஆணி, அல்லது வளைத்த கம்பி. கதவைச் சாத்தும்போது ஆணி கவையைத் தள்ளும். கவை சுழன்று ஆணியைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். பின்னால் ஒரு பல் வந்து கவையைத் திரும்ப விடாமல் மடக்கும். கிளிக், கிளிக் என்று இரண்டு தரம் கேட்கும். ஆணிக்குத் தலை பெரிதாக இருக்கும். ஆகவே தூணும் கதவும் நீளவாக்கில் பிரியப் பார்த்தாலும் அந்தத் தலை கவையில் மாட்டி நிறுத்தும். அமெரிக்காவில் பழைய வண்டி பிரியர்கள் இதைக் கரடி நகம் என்கிறார்கள். பழைய வண்டிகளுக்கென்றே இதைச் செய்து விற்கும் கம்பெனிகள் அங்கே உண்டு. ஆனால் அங்கிருந்து தருவித்தால் தபால் செலவு நமக்குக் கட்டாது.

மாமா போனது ஹாஃப்-கட் கடைக்கு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளையும், உள்ளூரில் அடிபட்ட வண்டிகளையும் பிரித்து விற்கும் கடை. நல்ல கதவோடு கிடந்த ஒரு புரோட்டோன் சாகாவைப் பார்த்து, முன் கதவு இரண்டின் லாக்கையும் கழற்றி வாங்கினார். கடைக்காரர் லாக்கை மட்டும் கொடுக்கப் பார்த்தாராம். மாமா விடவில்லை. தூணில் இருந்த ஸ்ட்ரைக்கர், தூணுக்கு உள்ளே இருந்த தட்டை நட்டு, லாக்கிலிருந்து கைப்பிடிக்குப் போகும் கம்பிகள், கம்பியை மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். இது முக்கியம். ஒரு வண்டி லாக்கையும் இன்னொரு வண்டி ஸ்ட்ரைக்கரையும் ஜோடி சேர்த்தால், ஆணி மெலிந்திருக்கும், கவை தளர்ந்திருக்கும். பார்வைக்குப் பூட்டின மாதிரி இருக்கும். இடது லாக்கு வேறு, வலது லாக்கு வேறு என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

லாக்கு வந்த உடனே கதவை வெட்டத் துடித்தது மாமாவின் மருமகன். வெல்டிங் தெரிந்த பையன். கை துறுதுறு என்றிருக்கும். மாமா கிரைண்டரைப் பிடுங்கி வைத்துவிட்டார். "முதல்ல கீலு. அப்புறந்தான் லாக்கு." கதவைப் பாதி திறந்து, ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஆடினால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொங்கும் கதவுக்கு எந்த லாக்கைப் போட்டாலும், லாக்கு கதவைத் தாங்குகிற வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டி வரும்; ஆறு மாதத்தில் அதுவும் போகும். கீல் ஆணியைப் புதிதாகக் கடைந்து போட்டு, கேபினுக்கு அடி ரப்பரை மாற்றி, கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக வரும்வரை சரி பார்த்தார்கள். அதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

மூன்றாவது ஞாயிறுதான் வெட்டு. அதற்கு முன்பு அட்டை. பிஸ்கட் பெட்டி அட்டையில் லாக்கின் வடிவத்தை வெட்டி, கதவின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கி, லாக்கின் உடம்பு கண்ணாடி ஓடும் தடத்தில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இதைப் பார்க்காமல் வெட்டியவர்கள், லாக்கு வேண்டுமா கண்ணாடி வேண்டுமா என்று முழிப்பதை நானே பார்த்திருக்கிறேன். தேவையானதைவிடக் கொஞ்சம் சின்னதாகவே வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவினார்கள். வெட்டினால் ஒட்டுவது கஷ்டம், ராவுவது சுலபம்.

பழைய கதவுத் தகடு மெலிசு, உள்பக்கம் துரு வேறு. அதில் நேரே லாக்கைத் திருகினால், லாக்கு ஒரு டன் தாங்கும். தகடு தாங்காது, கிழிந்துகொண்டு வரும். அதனால் துரு அரித்த பகுதியை வெட்டி எடுத்து, உள்ளே மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தட்டு வைத்து, அதில் லாக்கைப் பூட்டினார்கள். வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுக்காமல், ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு அங்கே என்று வைத்து, ஆற விட்டு ஆற விட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பேட்டரி வயரையும் பெட்ரோல் டாங்கியையும் முதலிலேயே கழற்றி அப்புறப்படுத்தியிருந்தார்கள். பழைய பிக்கப்பில் சீட்டுப் பஞ்சு, மக்கிய கம்பளம், பெட்ரோல் வாடை மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு பொறி போதும்.

தூண் பக்கம்தான் எல்லாரும் ஏமாறுகிற இடம். ஸ்ட்ரைக்கரை வெறும் தகட்டில் திருகக் கூடாது; தூணுக்கு உள்ளே கெட்டியான நட்டுத் தட்டு இருக்க வேண்டும். அந்தத் தட்டு ஒரு சின்னக் கூட்டுக்குள் கொஞ்சம் அசைகிற மாதிரி இருந்தால்தான் ஸ்ட்ரைக்கரை மேலே கீழே, உள்ளே வெளியே நகர்த்திச் சரி செய்யலாம். சாகாவின் தட்டையே போட்டதால் அந்த வேலை மிச்சம்.

ஆணி கவையின் நடுவில் விழுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கதவைச் சாத்தினால் உள்ளே தெரியாதே? மாமாவின் பேத்தி தன் லிப்ஸ்டிக்கைக் கொண்டு வந்து கொடுத்தது. ஆணியில் பூசி, கதவை மெல்லக் கொண்டுபோய்த் தொட வைத்து, திறந்து பார்த்தால் லாக்கின் வாயில் சிவப்புத் தடம். மேல் உதட்டில் பட்டிருந்தால் ஆணியைக் கீழே இறக்கு. கீழ் உதட்டில் பட்டிருந்தால் மேலே ஏற்று. ஏழெட்டுத் தரம் செய்த பிறகு தடம் நடுவில் விழுந்தது. லிப்ஸ்டிக் முடிந்து போனதற்கு மாமா புதிது வாங்கித் தர வேண்டியதாயிற்று.

அதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. கதவு திறந்திருக்கும்போதே, ஸ்குரூ டிரைவரைக் கவைக்குள் விட்டு, கையால் சுழற்றிப் பூட்ட வேண்டும். இரண்டு கிளிக்கும் கேட்க வேண்டும். பிறகு வெளிக் கைப்பிடியால் திறக்க வேண்டும். மறுபடி பூட்டி, உள் கைப்பிடியால் திறக்க வேண்டும். இரண்டும் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தலாம். கம்பியை மாட்டாமல் அவசரத்தில் சாத்திவிட்டால், அந்த லாக்கு தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடும். கதவை வெட்டித்தான் திறக்க வேண்டி வரும்.

கைப்பிடிச் சங்கதி கொஞ்சம் தலைவலி. பழைய வண்டியின் கைப்பிடி ஒரு சதுரக் கம்பியைத் திருகும். புது லாக்கோ கம்பியை இழுத்தால், அல்லது தள்ளினால் திறக்கும். திருகலை இழுப்பாக மாற்ற, சதுரக் கம்பியில் ஒரு சின்ன நெம்புத் தகடு மாட்டி, அதன் முனையிலிருந்து லாக்குக்குக் கம்பி விட்டார்கள். கம்பி விறைப்பாக இருக்கக் கூடாது. கைப்பிடி இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா அசைந்த பிறகுதான் லாக்கை இழுக்க வேண்டும். விறைப்பாக இருந்தால், குலுக்கலில் கைப்பிடியே லாக்கைத் திறந்துவிடும். அப்புறம் புது லாக்கு போட்டு என்ன புண்ணியம்?

கைப்பிடியே இல்லாமல், பட்டனை அமுக்கினால் கரண்டில் திறக்கிற மாதிரி சிலர் மாற்றுகிறார்கள். வழவழவென்று பார்க்க நன்றாக இருக்கும். மருமகனுக்கும் அந்த ஆசை இருந்தது. என்னைக் கேட்டால், ஆள் உட்காருகிற வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் ஆற்றோரத் தோட்டத்து ரோட்டில் தண்ணீர் ஏறி, பேட்டரி செத்துப் போனால், உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்? கையால் இழுத்தால் திறக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு தொல்லை வந்தது. கதவைச் சுற்றிப் புது ரப்பர் ஒட்டியிருந்தார்கள். தடிப்பான ரப்பர். சாத்தினால் ஒரு கிளிக்தான் கேட்டது. கதவு மூடின மாதிரிதான் இருந்தது; காற்றும் வரவில்லை, மழையும் வரவில்லை. மருமகன், "போதும் மாமா, ரப்பர் அமுங்கினா சரியாயிடும்" என்றான். மாமா கேட்கவில்லை. மேலே சொன்ன 1,000 பவுண்டு கணக்கு இங்கேதான் வருகிறது. முதல் கிளிக் என்பது, யாராவது கதவைச் சரியாகச் சாத்த மறந்தால் உடனே திறந்துகொள்ளாமல் இருக்க வைத்த இரண்டாந்தரப் பிடி; அதுவே பூட்டு அல்ல. நீளவாக்கில் முழுப்பிடி தாங்குவதில் பாதி கூட அது தாங்கத் தேவையில்லை என்றுதான் சட்டமே சொல்கிறது. ரப்பரைப் பிய்த்து, மெலிசான ரப்பர் வாங்கி ஒட்டி, இரண்டாவது கிளிக் கேட்ட பிறகுதான் வண்டியை வெளியே எடுத்தார். பழைய நாக்கு லாக்குகளை எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லவில்லை. எழுபது வருஷப் பொருளைத் தூக்கிப் போட மனசு வராதுதான்.

இன்னொன்று. லாக்கு நன்றாக இருந்து, ஆள் கட்டாமல் உட்கார்ந்தால் பாதிப் பாதுகாப்புத்தான். நம் நாட்டில் முன்சீட்டு பெல்ட் 1979இலும், பின்சீட்டு பெல்ட் 2009இலும் கட்டாயமாகின. அவ்வளவு பழைய வண்டியில் பெல்ட்டே வந்திருக்காது. மாமா இரண்டு பேருக்கு மட்டும் மாட்டியிருக்கிறார். அதனால் இப்போது அந்த வண்டியில் அவரும் இன்னொருவரும்தான். பேரப்பிள்ளைகள் முறை வைத்துப் போகிறார்கள். சண்டை ஓயவில்லை என்று கேள்வி. பின்தொட்டியில் ஆள் ஏற்றுவதை அவர் நிறுத்தியே பல வருஷம் ஆகிறது. சரக்குத் தொட்டியில் ஆளை ஏற்றுவதற்கு எந்தக் கதவு லாக்கும் மருந்தாகாது என்பதையும் குத்தகைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட மாற்று வேலையைத் தொடங்கும் முன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நல்லது. மாமா அதைச் செய்தார்.

இனி நம் விஷயம். மாமா தன் பேரப்பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார். வண்டி அவருடையது, கை அவருடையது. நம்மை ஏற்றிப் போகும் வண்டி நம்முடையது அல்ல. அதை நாம் வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. ஆனால் பார்க்க முடியும். ஏறும் முன் கதவைத் திறந்து நாக்கா, கவையா என்று பாருங்கள். கவையானால் இரண்டு கிளிக் கேட்கிறதா என்று காது கொடுங்கள். சாத்திய பிறகு உள்ளிருந்து தோளால் ஒரு தரம் தள்ளுங்கள். கடகடவென்று ஆடினால் முதல் கிளிக்கில்தான் நிற்கிறது. கதவைப் பிடித்துத் தூக்கிக் கீலையும் பாருங்கள். அரை நிமிஷ வேலை. "ஏன் யக்கா, வண்டி வாங்கப் போறீங்களா?" என்று டிரைவர் கிண்டல் செய்தால் செய்யட்டும்.

கதவு நிற்கவில்லை என்றால்? வேலையிடத்தில் ஆளின் பாதுகாப்பைக் கவனிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தபோது, 26A என்று ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளிக்குச் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அப்படி விலகியதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. கயிற்றால் கட்டிய கதவோரத்தில் உட்கார மாட்டேன் என்பதற்கு இதைவிட நல்ல பிடிமானம் நமக்கு இதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் 'சொல்லியும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். மண்டோரிடம் சொன்னேன், அவர் கிராணியிடம் சொன்னார், கிராணி மறந்துவிட்டார் என்று கதை நீளும்.

ஆகவே எழுதிக் கொடுங்கள். தேதி, வண்டி நம்பர், எந்தப் பக்கக் கதவு, என்ன கோளாறு, இந்த நாலும் போதும்; மலாயில் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் நாலு வரியில் முடிந்துவிடும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அனுப்பிய நேரம் தெரிகிற மாதிரி மேனேஜருக்கும் குத்தகைக்காரருக்கும் அனுப்புங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை வட்டாரச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுத் தோழர்கள் உங்களோடு அதே வண்டியில் வந்தால் அவர்கள் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். அவர்களுக்கு எழுத ஆள் இல்லை.